கறுப்பு வாளியும் நீலத் தோங்கும்

கொசுவுக்கு நான் வைத்த பொறி வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை செய்தது. நன்றாகவே வேலை செய்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

நான் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாலர் பள்ளி ஆசிரியை. கணவர் தோட்டத்து லோரி ஓட்டுகிறார். கிள்ளானில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு அவளை மேலே அழைத்து வந்துவிட்டோம். முதல் பிள்ளை அம்மா வீட்டில் என்பது வழக்கம்தான். ஆனால் நான் அவ்வளவு அவசரப்பட்டதற்குக் காரணம் வேறு. கிள்ளானில் அவர்கள் இருந்த அடுக்குமாடியில் டெங்கி. மாடிக்கு மாடி ஆள் படுத்திருந்தார்கள். "கெளம்பி வாடி. இங்க குளுரு. கொசுவாவது மண்ணாங்கட்டியாவது!" என்று போனில் கத்தியவள் நான்தான்.

நான் பிறந்து வளர்ந்த காலத்தில் இந்த மலையில் கொசுவலை வைத்திருந்தவர்கள் யாரும் எனக்கு நினைவில்லை. இரண்டு கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. இப்போது தானா ராத்தா டவுனில் கரண்டுக் காற்றாடி விற்கிறார்கள், நம் ஆட்கள் வாங்கிக்கொண்டும் போகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தும் புத்தி வரவில்லை. மகள் வந்து சில வாரத்தில் தோட்டத்து வீட்டு வரிசைகளில், மேல் லயத்தில் ஒருவர் காய்ச்சலில் விழுந்தார். டெங்கி என்று சொல்லிவிட்டார்கள். டெங்கிக்குப் பயந்து கூட்டி வந்த பிள்ளையை டெங்கியின் பக்கத்திலேயே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறேன்!

புகை அடித்தார்கள். அன்றைக்குக் கொசு இல்லை. அடுத்த வாரம் இருந்தது. காலில் வெள்ளைக் கோடு போட்ட, பட்டப்பகலில் கடிக்கிற ஜாதி. மகளை அறைக்குள்ளேயே பூட்டி வைக்கவா முடியும்? நானே ஏதாவது செய்தாக வேண்டும் என்று கிளம்பினேன். என் கூடவே கிளம்பினாள் அடுத்த வீட்டுக்காரி.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். லயத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பின்பக்கம் அவள் குசினி ஜன்னலும் என் குசினி ஜன்னலும் கை எட்டும் தூரம். குழம்புக் கிண்ணம் அந்த வழியாகத்தான் போகும், வரும். கம்போங் ராஜா போகிற சாலையில் ஒரு பூத்தோட்டத்தில் அவளுக்கு வேலை. நான் பாலர் பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது என் பிள்ளைக்குச் சோறு ஊட்டியவள் அவள்தான். மகள் அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்பாள். நான் கேலி பேசினால் கோபித்துக்கொள்வாள், அடுத்த வேளை குழம்பு மட்டும் தவறாமல் வரும்.

முதல் பொறி பிளாஸ்டிக் போத்தலில். மேல்பாதியை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே சீனியும் ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்டும் கரைத்து வைத்தால் அந்த வாடைக்குக் கொசு வந்து விழுமாம், யாரோ போனில் அனுப்பியிருந்தார்கள். விடிந்து பார்த்தால் எறும்பு, கல்யாண ஊர்வலம் மாதிரி வரிசைகட்டிப் போய்க்கொண்டிருந்தது. கொசு ஒன்றுகூட இல்லை. இரண்டாவது, தேயிலைத் தண்ணீர். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு வேறு என்ன தோன்றும்? தூளைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு டின்னில் ஊற்றி வைத்தோம். பாசி பிடித்ததுதான் மிச்சம்.

"நம்ம ஊரு கொசு தேத்தண்ணி குடிக்காதுலா அக்கா. குடிச்சுக் குடிச்சு சலிச்சுப் போச்சு அதுக்கு" என்றாள் அவள்.

கறுப்பு நிறம் அவள் கண்டுபிடிப்பு. பூத்தோட்டத்தில் வெட்டிய பூக்களை நிறுத்தி வைக்கிற வாளிகளில் கறுப்பும் உண்டு, வெள்ளையும் உண்டு. கொசு எப்போதும் கறுப்பு வாளியில்தான் உட்காருகிறது என்று கவனித்து வைத்திருந்தாள். உடைந்து ஓரம் கட்டியவற்றில் சின்னதாகப் பார்த்துக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் அடுக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். வெட்டிய புல்லை ஊறவைத்த தண்ணீர் என் யோசனை. அது நாறிய நாற்றத்துக்கு என் கணவர் இரண்டு நாள் குசினிப் பக்கம் வரவில்லை. "கொசு சாவுதோ இல்லையோ, நான் செத்துருவேன்" என்றார்.

அது பலித்தது. செய்முறை இவ்வளவுதான்: கறுப்பு வாளியில் பாதிக்குப் புல் ஊறிய தண்ணீர். உள்சுவரை ஒட்டி, பாதி நனைந்தும் பாதி வெளியிலுமாக ஒரு துணிப்பட்டை. என் பழைய பச்சைக் கைத்தறிப் புடவையைக் கிழித்தேன். முட்டையிட இடம் தேடும் பெண் கொசு அந்த ஈரத் துணிக்கு வரும். முட்டை பொரிந்து புழுவாகித் தண்ணீரில் நெளியும். அதற்கு இறக்கை முளைப்பதற்குள் தண்ணீரைக் காய்ந்த தரையில் கவிழ்த்து, துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். வாரம் ஒரு தடவை. தவறவிட்டால் அது பொறியில்லை, பிரசவ ஆஸ்பத்திரி.

முதல் தடவை அந்தப் பச்சைத் துணியில் மிளகுப்பொடி தூவியது போல முட்டைகளைப் பார்த்தபோது நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் குதித்தோம். வாளியைச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தவள் அவள்தான். நெளிந்த புழுக்களின் மேல் செருப்போடு ஏறி நின்று, "எங்க பிள்ளைய கடிப்பியா? கடிப்பியா?" என்று ஒரு ஆட்டம் போட்டாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவளுக்குக் கொல்லத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

லயத்தைச் சுற்றி வாளிகளை வைத்தோம். வீட்டைச் சுற்றியவை என் பொறுப்பு. பின்னால் மேட்டில், வாழைக்குப் பக்கத்திலும் கோயிலுக்குப் பின்னாலும் வைத்தவை அவள் பொறுப்பு, ஏனென்றால் என் முழங்காலுக்கு மேடு ஆகாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கவிழ்ப்பது என்று பேச்சு.

அப்படியே போயிருக்கலாம். ஒருநாள் காலையில் மகள் பின்படியில் வழுக்கி விழுந்தாள். பாசிப் படி, மழை வேறு. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை எனக்கு உயிர் இல்லை. வீட்டுக்குத் திரும்பியபோது அடுத்த வீட்டுக்காரி கோயிலிலிருந்து நெற்றி நிறைய திருநீறோடு வந்தாள், மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அதற்கு மேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜன்னல் வழியாகக் கேட்பேன்.

"கவுத்துட்டியா?"

"கவுத்துட்டேன்க்கா."

"துணி?"

"புதுசு மாத்திட்டேன்க்கா. நீ போயி பிள்ளையப் பாரு."

வாய் கூசாமல் சொன்னாள். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? ஒருமுறை கணவரை மேட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னேன், சந்தேகத்தில் இல்லை, வாளி போதுமா என்று பார்க்கத்தான். எல்லா வாளியும் கழுவித் துடைத்து, புதுத் தண்ணீர், புதுத் துணியோடு பளிச்சென்று இருந்ததாகச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாலர் பள்ளிக்கு வந்த தாய்மார்களிடம் அவளைத் தலைமேல் தூக்கி வைத்துப் பேசினேன்.

மீன் குழம்பு கொடுத்தால் வேண்டாம் என்றாள். பல்வலியாம். கோழி கொடுத்தால் வயிறு சரியில்லையாம். இந்தக் குளிரில் எல்லாரும் நீளக்கை ஸ்வெட்டர் போட்டுத் திரிகிறோம், அவள் கையில் மஞ்சள் கயிறு கட்டியிருந்ததை யார் கண்டது?

எட்டாம் மாதம் முடிகிற நேரம் மகளுக்குக் காய்ச்சல். முதல் நாள் சளிக்காய்ச்சல் என்று நினைத்தோம். இரண்டாம் நாள் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டெங்கி என்றார்கள். வயிற்றில் பிள்ளை இருப்பதால் இங்கே வைத்துக்கொள்ள முடியாது, ஈப்போவுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். ஆம்புலன்சில் அவள் கூடப் போனவர் என் கணவர். துணிமணி எடுக்க நான் வீட்டுக்கு ஓடி வந்தேன்.

வந்தால் லயத்தில் சுகாதார ஆட்கள். காய்ச்சல் வந்த வீட்டைச் சுற்றிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். நான் மார்தட்டிக்கொண்டு முன்னால் போனேன். "எங்க வீட்ல ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது. வாளியெல்லாம் வாராவாரம் கவுத்துறோம்" என்றேன். அவர்களில் ஒரு தமிழ்ப் பையன், மரியாதையான பிள்ளை, எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுப் பின்பக்கம் போனான். அங்கே எங்கள் பொதுச்சுவரை ஒட்டி ஒரு நீலத் தோங். தண்ணீர் பிடித்து வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பீப்பாயை நாங்கள் தோங் என்போம். மேலே ஒரு துண்டுத் தகரம் பாதிக்கு மூடியிருந்தது.

"அக்கா, இங்க வந்து பாருங்க" என்றான்.

பார்த்தேன். கறுத்த தண்ணீர். அரிசி உலையில் கொதிக்கிற மாதிரி அது முழுக்க நெளிந்துகொண்டிருந்தது. மேலே இறக்கை முளைத்தவை நின்றுகொண்டிருந்தன, தகரத்தைத் தூக்கியதும் எழுந்து பறந்தன. அந்தத் தண்ணீரில் பச்சைத் துணிப்பட்டைகள் மிதந்தன. என் புடவை. நான் கிழித்த துணி.

சுவருக்கு இந்தப் பக்கம் என் மகளின் கட்டில். தோங் இத்தனை நாள் சுவர் மறைவில் இருந்திருக்கிறது, அதை ஒட்டினாற்போல அவள் ஜன்னல். வெயில் வரட்டும் என்று பகலெல்லாம் அதைத் திறந்து வைத்தவள் நான். லயத்தில் எங்கெங்கோ முட்டையிட வேண்டிய கொசுவையெல்லாம் புல் தண்ணீர் காட்டி ஒன்று கூட்டி, என் பிள்ளையின் தலைமாட்டில் குடிவைத்திருக்கிறோம்!

அவள் வேலையிலிருந்து வந்து பஸ் இறங்கிய இடத்திலேயே பிடித்துக்கொண்டேன்.

"என்னாடி அது? தோங்குல என்னாடி அது?"

அவள் மெல்ல ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துக் கயிற்றைக் காட்டினாள்.

"அவ விழுந்தப்ப நேந்துகிட்டேன்க்கா. திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கறேன், அதுவரைக்கும் கவுச்சி தொட மாட்டேன், ஒரு உயிரையும் கொல்ல மாட்டேன்னு. பிள்ளை நல்லபடியா பொறக்கணும்னு. உன் பிள்ளைக்காகத்தான்க்கா."

"புழுவ?"

"எப்டிக்கா கொல்றது? அதுவும் உயிரு தானே. அதான் தோங்குல ஊத்தி மூடி வச்சேன். திருவிழா முடிஞ்சதும் கவுத்துறலாம்னு..."

"மூடி வச்சியா? பாதித் தகரத்தப் போட்டு மூடி வச்சியா?"

"மூச்சு முட்டிச் செத்துடுமேன்னு..."

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை. கொசுவுக்கு மூச்சு முட்டுமாம்! என் பிள்ளை ஆம்புலன்சில் ஈப்போவுக்கு மலையிறங்கிக்கொண்டிருக்கிறாள்.

"ஏன்டி, சாமிகிட்ட சொன்னியே, என்கிட்ட சொன்னியா?"

"நேத்திக்கடன வெளிய சொன்னா பலிக்காதுன்னு சொல்லுவாங்க. அப்புறம் நீ... நீ கேலி பண்ணுவேக்கா."

"பண்ணுவேன்டி! கேலி பண்ணுவேன். வயிறு வலிக்கச் சிரிப்பேன். ஆனா நான் கவுத்திருப்பேன்ல? முட்டிக்காலு தேஞ்சாலும் அந்த மேட்ல ஏறி நானே கவுத்திருப்பேன்ல? விரதம் உனக்குத்தானடி, எனக்கா?"

அவள் அழுதாள். "எந்தக் கொசு கடிச்சிதுன்னு யாருக்குக்கா தெரியும்? மேல் லயத்துலேர்ந்து வந்திருக்கலாம்" என்றாள். இருக்கலாம். அந்தத் தமிழ்ப் பையனும் அதையேதான் சொன்னான், எது கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாதாம். எனக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. வெள்ளிக்கு வெள்ளி அந்த ஜன்னலில் நின்று "கவுத்துட்டேன்க்கா" என்று சொன்னாளே, அந்த வாயைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பல்வலி என்று சொன்ன அதே வாய். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதைப் பக்தியோடு செய்வார்கள் என்று தெரியாது.

ஈப்போவில் இருந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. ரத்தத் தட்டணுக் கணக்கு இறங்கியது, இன்னும் இறங்கியது, கண்ணாடிக்கு வெளியே நானும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மேல கூட்டிட்டுப் போனீங்களே அத்தை" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன். பிறகு ஏறத் தொடங்கியது. குழந்தை முந்திக்கொண்டு பிறந்தது. பெண். கண்ணாடிப் பெட்டியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, என் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் அடங்குகிற ஒரு பொட்டலமாகக் கொடுத்தார்கள்.

மலைக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை குசினி ஜன்னலைச் சாத்தியது. இரண்டாவது வேலை, அந்த மேட்டில் ஏறியது. ஒவ்வொரு வெள்ளியும் ஏறினேன். முழங்கால் வீங்கியது, தைலம் தேய்த்துக்கொண்டு ஏறினேன். சாத்திய ஜன்னலுக்கு வெளியே கட்டையில் குழம்புக் கிண்ணம் வந்து உட்காரும், பூசணியோ பருப்போ, எல்லாம் சைவம். நான் எடுக்கவில்லை. மகள் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுக் கழுவி வைப்பாள். எனக்குத் தெரியாமல் செய்வதாக அவளுக்கு நினைப்பு.

குழந்தைக்கு முப்பது முடிந்து தீட்டுக் கழித்த அடுத்த வாரம் திருவிழா. பால்குடம் லயத்து வழியாகத்தான் கோயிலுக்குப் போகும். குடம் சுமந்து வருகிறவர்களின் காலில் வீட்டுக்கு வீடு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். மேளச் சத்தம் கேட்டதும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தப் பார்த்தேன். மகள் குழந்தையோடு வழியை மறித்து நின்றாள்.

"நீ ஊத்தும்மா. சின்னம்மா எனக்காகத்தான் தூக்கிட்டு வராங்க."

"உனக்காகத்தான்டி எல்லாம் செஞ்சா" என்றேன்.

"அம்மா."

சொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். மஞ்சள் புடவையில் வந்தாள். இளைத்திருந்தாள். இரண்டு கையும் தலைக்கு மேல் குடத்தைப் பிடித்திருந்தன. என் வாசலில் நின்றாள். நான் முகத்தைப் பார்க்காமல் குனிந்து அவள் காலில் தண்ணீர் ஊற்றினேன். வெறுங்கால், வெடிப்பெல்லாம் எனக்குத் தெரிந்த கால்.

நிமிர்ந்தபோது பார்த்தேன். அவளுடைய வலது முழங்கைக்கு மேல் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. வெள்ளைக் கோடு போட்டது. நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது, வயிறு சிவந்து வந்தது. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை அசைத்தால் பால் சிந்தும். அசைக்க முடிந்தாலும் அடிக்க மாட்டாள். கோயில் போய்ச் சேரும்வரை விரதம்.

என் பின்னால், வாசல்படிக்கு உள்ளே, என் பேத்தி.

அடித்தேன். பளார் என்று. ஒரு கொசுவுக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை என்று அடித்த பிறகுதான் தெரிந்தது. குடம் ஆடிப் பால் அவள் நெற்றியில் வழிந்தது. மேளக்காரர்கள் ஒரு நொடி நிறுத்திவிட்டார்கள். பின்னால் வந்த பெண்கள் "ஐயோ அம்மா!" என்றார்கள். அவள் கையில் என் விரல்கள் சிவப்பாய்ப் பதிந்திருந்தன.

உள்ளங்கையை விரித்து அவளுக்குக் காட்டினேன்.

"பாத்தியா? இவ்ளோதான்டி. சொல்லியிருந்தா இவ்ளோதான்."

மேளம் திரும்பத் தொடங்கியது, பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள், அவள் பால் வழிகிற முகத்தோடு அடுத்த வாசலுக்கு நகர்ந்தாள். நான் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை வெயில் பட்ட சிமெண்டில் ஊற்றிவிட்டு உள்ளே போனேன்.